உம்மாவின் பழைய நூல் சேலைகளைக் கையால் குவில்ட்டாகத் தைக்க விரும்புகிறேன்: எந்த வகை நம் கடற்கரைக்குப் பொருந்தும்?

கேள்வி: கீழக்கரை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் உம்மா சென்ற ஆண்டு மௌத்தாகிவிட்டார்கள். அவர்களுடைய தகரப் பெட்டியில் 14 நூல் சேலைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை பரமக்குடித் தறியில் நெய்தவை; மூன்று மட்டும் மதுரைச் சுங்குடி. இருபது, முப்பது ஆண்டுகள் துவைத்துத் துவைத்து, கையில் எடுத்தால் நழுவி விழும் அளவுக்கு மிருதுவாகிவிட்ட துணிகள் அவை. பாத்திரக்காரருக்குப் போடவும் மனமில்லை, பெட்டியிலேயே வைத்துப் பூச்சிக்குக் கொடுக்கவும் மனமில்லை என்பதால், அவற்றைக் குவில்ட்டாக (துணிகளை அடுக்கிச் சேர்த்துத் தைத்த விரிப்பாக) தைத்து எங்கள் வீட்டிலும் தங்கை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். (காகிதச் சுருளில் பூச்செய்யும் குயிலிங் வேறு, நான் கேட்பது வேறு; சென்ற முறை வேறொரு குழுவில் கேட்டபோது எல்லோரும் காகிதத்தைப் பற்றியே பதில் எழுதினார்கள்.)

ஒரு முயற்சி ஏற்கெனவே செய்து பார்த்து, அதில் தோற்றுப்போய்த்தான் இங்கு வந்திருக்கிறேன். காணொளிகளைப் பார்த்து, இரண்டு சேலைகளை 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும்படி இணைத்து, நடுவில் கடையில் வாங்கிய பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டை வைத்து, அடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து, நான்கு ஓரங்களையும் முதலில் தைத்துவிட்டுப் பிறகு உள்நோக்கித் தைத்துக்கொண்டே போனேன். நடுவை அடைந்தபோது மேல்துணி மிஞ்சிப்போய், தட்டில் கவிழ்த்த இட்லியைப் போல உப்பி நின்றது. அடுக்குகள் நகராமல் இருக்க நான் குத்தி வைத்திருந்த ஊக்குகள் மூன்றே வாரத்தில் துருப்பிடித்து, ஒவ்வொன்றும் ஒரு பழுப்பு வளையத்தைத் துணியில் விட்டுவிட்டன. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்று சொன்னதை நம்பி ஊறவைத்த பிறகும், முதல் துவையலிலேயே சிவப்பு ஒழுகி வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் ரோஜா நிறமாகின. இவ்வளவுக்கும் பிறகு, அதைப் போர்த்திக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டுகிறது.

என் கேள்விகள் இவை. இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்த போர்வையிலிருந்து குவில்ட் எந்த வகையில் வேறுபடுகிறது? அதில் எத்தனை வகைகள் உண்டு, அவற்றில் எது இந்தப் புழுக்கத்துக்கு ஏற்றது? சேலைகளை வெட்டித்தான் ஆக வேண்டுமா? என்னிடம் மிச்சமிருப்பவை 12 சேலைகளே என்பதால், இனி ஒன்றைக்கூட வீணாக்க எனக்குத் துணிவில்லை.

மறுமொழி: தையல் டீச்சர், இராமநாதபுரம்

அன்புள்ள மகளுக்கு, பள்ளியில் தையல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் தோற்றுப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தையலில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குளிர்நாட்டுக்கு என்று உருவான ஒரு வகையை, அந்த நாட்டுப் புதுத்துணிக்கு எழுதப்பட்ட செய்முறையோடு, நம் ஊர்ப் பழஞ்சேலையில் செய்து பார்த்திருக்கிறீர்கள். அதனால் வந்த வினைதான் எல்லாம்.

முதலில் அடிப்படை. மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி ஆகிய அடுக்குகளை, ஓரத்தில் மட்டும் இணைக்காமல், பரப்பு முழுவதும் ஊடுருவிச் செல்லும் தையலால் ஒன்றாக்குவதே குவில்ட்டிங். அந்தத் தையல்தான் நடு அடுக்கு நகராமல் பிடித்துக்கொள்கிறது, அந்தத் தையல்தான் மேற்பரப்பில் மேடும் பள்ளமுமான அழகையும் தருகிறது. சதுரங்களை இணைத்து மேல்துணி செய்வது ஒட்டுவேலை, அதாவது பேட்ச்வொர்க். அது குவில்ட்டுக்கு ஓர் அலங்காரம்தானே தவிர, அதுவே குவில்ட் ஆகாது. ஒரு துண்டுகூட ஒட்டாமல், ஒரே முழுத்துணியில் தையல் கோடுகளாலேயே கொடியும் பூவும் வரைந்த குவில்ட்டுகள் உலகெங்கும் உண்டு. இலண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் டிரிஸ்டன் குவில்ட், 14ஆம் நூற்றாண்டில் சிசிலியில் தைக்கப்பட்டது. அதில் லினன் துணியின் இரண்டு அடுக்குகளுக்கு இடையே, உருவங்கள் இருக்கும் இடத்தில் மட்டும் பஞ்சைத் திணித்துப் புடைக்கச் செய்து, ஒரு பழங்கதையையே தையலால் சொல்லியிருக்கிறார்கள். இப்படித் திணித்துப் புடைக்க வைக்கும் முறைக்கு டிரபுன்டோ என்று பெயர்.

ஒட்டுவேலையில் சதுரங்களை இணைப்பது ஒரு வழி. நடுவில் ஒரு சிறு சதுரத்தை வைத்து அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளைச் சேர்க்கும் லாக் கேபின் இன்னொரு வழி. பட்டு, வெல்வெட் துணுக்குகளை எந்த ஒழுங்கும் இல்லாமல் சேர்த்து, இணைப்பின்மேல் பூத்தையல் போடுவதைக் கிரேஸி குவில்ட் என்பார்கள்; பார்க்க அழகு, துவைக்க வழியில்லை. ஒரு துணியிலிருந்து உருவத்தை வெட்டி இன்னொரு துணியின்மேல் வைத்துத் தைப்பது அப்ளிக். நம் கோயில் தேர்களில் தொங்கும் தஞ்சாவூர்த் தொம்பைகளைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஹவாய்த் தீவில், துணியை எட்டாக மடித்து ஒரே வெட்டில் பெரிய இலைக்கோலத்தை எடுத்து அப்ளிக் செய்து, அதன் விளிம்பை ஒட்டியே அலை அலையாகக் குவில்ட் தையலிடுகிறார்கள்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர முடியவில்லை. நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன, கையால் சித்திரம் எழுதிய துணிகளை ஐரோப்பியர் கட்டில் விரிப்பாகவும் குவில்ட்டாகவும் பயன்படுத்தினர். தங்கள் நெசவாளர்கள் நொடித்துப்போவார்கள் என்று பிரான்ஸ் 1686இல் அவற்றைத் தடை செய்தது. இங்கிலாந்து 1721இல் அவற்றை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையுமே தடுக்கச் சட்டம் போட்டது. அந்தத் துணியில் ஒரு துண்டு கிடைத்தாலும் அதிலுள்ள பூவையும் பறவையையும் மட்டும் வெட்டியெடுத்து வேறு துணியில் பதித்துக்கொள்ளும் அப்ளிக் முறை ஒன்றும் அங்கே உண்டு. எட்டாத நாட்டில் நம் துணியைத் துணுக்குத் துணுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நாம் அரை மூட்டைச் சேலைக்கு ஓர் எவர்சில்வர்க் கிண்ணம் வாங்குகிறோம்.

உங்களுக்கு நான் சொல்வது கந்தா. வங்காளத்தில் பழஞ்சேலை, வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, பஞ்சே வைக்காமல், ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டும் ஓட்டுத் தையலால் பரப்பு முழுவதும் தைத்துவிடுவார்கள். பூவும் மீனும் தேரும் நிறைந்ததை நக்‌ஷி கந்தா என்பார்கள். பீகாரில் அதற்கு உறவானது சுஜனி. கந்தா என்ற சொல்லும், ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பதில் நாம் சொல்லும் கந்தையும் ஒன்றே. இந்த முறையில் நடு அடுக்கும் சேலைதான் என்பதால் காற்றுப் புகும், வேர்வையை உறிஞ்சும், கல்லில் அடித்துத் துவைக்காமல் கையால் கும்மிப் பிழிந்தால் ஓர் உச்சி வெயிலில் உலர்ந்துவிடும். நீங்கள் வைத்த பாலியஸ்டர் ஷீட் இவற்றில் எதையும் செய்யாது. மேலும், தேய்ந்த நூல் சேலையின் இழைகளுக்கிடையே அதன் நார் மீசைபோல வெளியே நீட்டிக்கொண்டு வரும்.

இதில் சேலையை வெட்டவே வேண்டியதில்லை. உங்கள் சேலை ஐந்தரை மீட்டர் இருக்குமானால், அதை மூன்றாக மடித்தால் நீளம் ஏறக்குறைய 6 அடி, அகலம் சேலையின் அகலமேயான கால் அடி குறைய 4 அடி. ஒரு சேலை, மூன்று அடுக்கு, ஓர் ஆளுக்கான குவில்ட். முந்தானை மேலே வரும்படி மடித்தால் உம்மாவின் முந்தானை அப்படியே கண்முன் இருக்கும். மடிப்பு விழும் இரண்டு பக்கங்களுக்கு ஓரத்தையல் வேலையும் மிச்சம்.

மறுமொழி: பாம்பன் பாய்மரம்

டீச்சர் அவர்கள் எழுதியது அருமை. நான் தையல்காரன் அல்லன். என் தாத்தா வத்தை என்ற பாய்மரப் படகில் கடலுக்குப் போனவர். பாய் கிழிந்தால் கரையில் விரித்துப்போட்டு அவரே ஒட்டுப் போடுவதைச் சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் இரண்டு விதிகளை விட்டுக்கொடுத்ததே இல்லை. புதுத்துணியை நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிட்ட பிறகே ஒட்டாக வைப்பார், ஏனென்றால் வைத்த பிறகு சுருங்கும் புதுத்துணி பழைய பாயை இழுத்துக் கிழித்துவிடும். அடுத்ததாக, பாயின் பாவு, அதாவது நீளவாக்கு இழை, எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஒட்டுத்துணியின் பாவும் ஓட வேண்டும் என்பார். குறுக்காக வைத்தால் முதல் கச்சான் காற்றிலேயே அந்த இடம் பை போலத் தொங்கும். சகோதரியின் இட்லி உப்பலுக்குச் சதுரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

கப்பலில் வேலை பார்த்த நாளில் ஜப்பானில் ஒரு துறைமுக ஊரில் பழைய மீனவர் மேலங்கி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தேன். அவுரி நீலத் துணியை இரண்டு மூன்று அடுக்காக வைத்து வெள்ளை நூலால் பரப்பு முழுவதும் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். சாஷிகோ என்று எழுதியிருந்தது. துணி வாங்க வசதியில்லாத குடும்பங்கள் இருந்த துணியை உறுதிப்படுத்திக்கொண்ட முறையாம். டீச்சர் சொல்லும் கந்தாவுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

ஒரு யோசனை: பாலியஸ்டர் வேண்டாம் என்றால் இலவம் பஞ்சு வைக்கலாமே? நம் ஊர் மெத்தை, தலையணை எல்லாம் அதில்தானே அடைக்கிறோம்? குளிர்ச்சியும் தரும்.

மறுமொழி: தொண்டி மருமகள், தற்போது தார்வாடு

என் கணவரின் வேலை காரணமாக எட்டு ஆண்டுகளாகக் கர்நாடகத்தில் இருக்கிறேன். இங்கே வடபகுதியில் வீட்டுக்கு வீடு கவுதி என்று ஒன்று உண்டு. பழஞ்சேலையை அடித்துணியாக வைத்து, அதன்மேல் கிடைத்த துணித் துண்டுகளை வைத்துத் தைப்பது. உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், யெல்லாபூர்ப் பக்கம் வாழும் சித்தி இன மக்கள் செய்வதைக் கவந்த் என்கிறார்கள். ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் அவர்கள். அவர்களில் முஸ்லிம்கள், கிறித்தவர்கள், இந்துக்கள் மூவருமே இதைத் தைக்கிறார்கள்.

ஹளியாள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்ததை ஒரு பிற்பகல் முழுவதும் பார்த்தேன். விரித்த சேலையின் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றித் துண்டுகளைப் பதித்துக்கொண்டே வந்து, சுற்றுச் சுற்றாக நடுவை நோக்கிப் போனார். துண்டை அளந்து வெட்டவில்லை. விளிம்பை விரலாலேயே உள்ளே மடித்து, தைத்த துண்டின் ஓரத்தை மறைக்கும்படி அடுத்த துண்டை வைத்துக்கொண்டார். வாயில் வெற்றிலை, கையில் தையல், வழியில் போகிறவர்களோடு பேச்சு. ஆனால் வரிகள் கோணவில்லை. எல்லாம் முடிந்த பிறகு நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிகளை அடுக்கடுக்காக வைத்துத் தைத்தார். அதற்குப் பூலா, அதாவது பூ, என்று பெயர். பூலா இல்லாத கவந்த் உடுப்பில்லாத உடம்பைப் போல என்று சொல்லிச் சிரித்தார்.

ஆகவே எனக்கு ஓர் ஐயம். கேள்வி கேட்ட தங்கை ஓரத்தில் தொடங்கியதால்தான் நடுவில் உப்பியது என்று வைத்துக்கொண்டால், கவந்த் தைக்கும் பெண்கள் எல்லோரும் ஓரத்தில்தானே தொடங்குகிறார்கள்? அவர்களுக்கு ஏன் உப்பவில்லை?

மறுமொழி: தையல் டீச்சர், இராமநாதபுரம்

தொண்டி மருமகளின் கேள்வி மிக நுட்பமானது. அதற்கு விடை சொன்னால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கையால் ஒவ்வொரு முறை ஊசியைச் செலுத்தும்போதும் மேல்துணியை ஒரு மயிரிழை அளவு நமக்கு முன்னால் தள்ளிவிடுகிறோம். ஓரங்களை முதலில் பூட்டிவிட்டால், அப்படித் தள்ளப்பட்ட துணி போக வழியில்லாமல் நடுவில் வந்து சேரும். அதனால்தான் மேல்துணி முழுமையாக இணைக்கப்பட்ட குவில்ட்டில் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகத் தைக்க வேண்டும் என்கிறோம். மிச்சம் எல்லாம் ஓரத்துக்கு வந்துவிடும், ஓரத்தில் வெட்டிவிடலாம். அடித்துணியை எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக வைப்பதும் இதற்காகவே. கவந்தில் முழு மேல்துணி என்று ஒன்று கிடையாது. துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து உட்காருவதால், அந்தந்தத் துண்டில் விழும் தளர்ச்சி அந்தந்த மடிப்பிலேயே தீர்ந்துவிடுகிறது. நடுவுக்குக் கொண்டுபோகச் சரக்கே இல்லை. கந்தாவிலும் ஓரத்தை முதலில் மடித்துத் தைப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் அதற்கு முன்போ உடனேயோ பெரிய பெரிய தற்காலிகத் தையலால் பரப்பு முழுவதையும் கட்டிவிடுகிறார்கள். ஆக, குற்றம் ஓரத்தில் இல்லை. நடுவைக் கட்டாமல் ஓரத்தைப் பூட்டியதில் இருக்கிறது.

பாம்பன் சகோதரருக்கு: பாவு பற்றித் தங்கள் தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, என் மாணவிகளுக்கு நான் சொன்னதும் அதுவே. இலவம் பஞ்சு பற்றி மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதன் நார் வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொள்ளாது. நெருக்கமான நெசவுள்ள உறைக்குள் திணித்த தலையணைக்கு அது ஏற்றது; குவில்ட்டில் வைத்தால் தையல் வரிகளுக்கு இடையே ஊர்ந்து ஊர்ந்து, இரண்டு துவையலில் ஓரிடத்தில் கட்டியும் ஓரிடத்தில் வெற்றிடமுமாக நிற்கும். பஞ்சு வேண்டுவோருக்குப் பருத்திப் பஞ்சே நல்லது. ஜெய்ப்பூர் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையில் அதை மென்மையாக அடித்து மெல்லிய படலமாகப் பரப்பித்தான் வைக்கிறார்கள். பஞ்சைவிட மெலிதாக வேண்டுமென்றால் ஒரு அடுக்கு ஃப்ளானல் போதும். நம் ஊரில் மார்கழி விடியலுக்குக்கூட அதுவே மிகை.

இனி மகளுக்குச் செய்முறை. சேலையை முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை அற்று வலைபோலத் தெரியும் இடங்கள் பெரும்பாலும் இடுப்பில் செருகிய பகுதியிலும் பாதத்தில் உரசிய கரையிலும் இருக்கும். அவை நடு அடுக்குக்குள் போகும்படி மடியுங்கள். சாயத்தைச் சோதிக்க, வெள்ளைத் துணியை நனைத்துச் சேலையின் மூலையில் அழுத்தித் தேயுங்கள். கறை ஏறினால் அந்தச் சேலையைத் தனியாக, தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். அப்படியும் தெளியாவிட்டால் அதை வெள்ளையோடு சேர்க்கவே கூடாது. உப்பு, சாயம் காய்ச்சும் தொட்டியில் துணி சாயத்தை ஏற்க உதவும். முன்பே ஏற்றிய சாயத்தை அது பூட்டி வைக்காது. இந்த ஒரு பழக்கத்தால் பாழான துணிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தரையைத் துடைத்துக் காயவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, கடல் பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டு விரியுங்கள். சுருக்கம் இல்லாமல் நீவி, நான்கு மூலையிலும் அம்மிக் குழவியோ தண்ணீர்ச் சொம்போ எதையாவது வையுங்கள். ஊக்கு வேண்டாம், உப்புக் காற்றில் அது துருவேறாமல் இருக்காது. நடுவிலிருந்து நான்கு திசைக்கும், பிறகு ஒரு சாண் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும், இரண்டு அங்குல நீளப் பெருந்தையலாக நூலோட்டுங்கள். ஒரு மாலை முழுவதும் இதற்குப் போய்விடும். இதைச் சுருக்கியவர்கள் பின்னால் பிரித்திருக்கிறார்கள்.

ஊசி விஷயத்தில், பஞ்சு வைத்த குவில்ட்டுக்குப் பிட்வீன்ஸ் என்ற குட்டை ஊசி வேண்டும். எண் கூடக் கூட ஊசி சிறிதாகும், தொடங்குபவர்கள் 8 அல்லது 9 எடுப்பார்கள். கந்தாவுக்கு அது தேவையில்லை, சற்று நீளமான கைத்தையல் ஊசி போதும், ஏனென்றால் நான்கைந்து தையலை ஒரே மூச்சில் ஊசியில் கோத்து இழுக்கலாம். நூல் பருத்தி நூலாகவே இருக்கட்டும். ஆங்கர் பூத்தையல் நூலில் 6 இழைகள் இருக்கும். அவற்றில் இரண்டைப் பிரித்தெடுத்து, ஒரு முழ நீளத்துக்கு மேல் வெட்டாமல் தையுங்கள். நீளமாக வெட்டினால் வேலை மிச்சமாகும் என்று தோன்றும். முறுக்கி முடிச்சு விழுந்து, பழந்துணியை உரசி, இரட்டை வேலையாகும். நூலைத் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்துவிட்டால் முறுக்கு விழுவது குறையும். பாலியஸ்டர் மிஷின் நூல் உறுதியானதுதான், ஆனால் நைந்த சேலையில் அது கத்திபோல இழையை அறுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வலக்கை நடுவிரலில் விரலுறை, இடக்கை துணிக்கு அடியில். ஊசியை நிமிர்த்தி, அதன் முனை இடக்கை விரல்நுனியை லேசாகத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். தொட்டதும் அந்த விரலால் அடியிலிருந்து துணியை ஒரு நெல்லளவு மேலே உந்தி, ஊசியைப் படுக்க வைத்து மேலே கொண்டுவாருங்கள். மறுபடி நிமிர்த்துங்கள், மறுபடி படுக்க வையுங்கள். தொட்டிலை ஆட்டுவதுபோல ஊசி ஆடும். முதல் வாரம் இடக்கை விரல்நுனி புள்ளி புள்ளியாகப் புண்ணாகும், பிறகு காய்த்துவிடும். தையல் சிறிதாக இருப்பதைவிடச் சமமாக இருப்பது முக்கியம். மேலே தெரியும் தையலை எண்ணினால் அங்குலத்துக்கு 6 வந்தாலே நல்ல கை. தேர்ந்தவர்களுக்கு 10, 12 வரும், அது பல ஆண்டுக் கை.

தையல் வரிகளை ஓர் அங்குல இடைவெளியில் நீளவாக்கில் ஓட்டினால், 45 அங்குல அகலத்துக்குச் சுமார் 45 வரிகள் வரும். அங்குலத்துக்கு 6 என்றால் 6 அடி வரி ஒன்றில் 432 தையல். மொத்தம் பத்தொன்பதாயிரத்துக்கும் மேல். பயப்பட வேண்டாம், நாளுக்கு மூன்று வரி என்றால் பதினைந்தே நாள். வரியை வரைய, கரைந்து மெலிந்த குளியல் சோப்புச் சில்லே போதும், துவைத்தால் போய்விடும். நேர்வரி சலிப்பாக இருந்தால், சிந்து மாகாணத்தில் தைக்கும் ரல்லி என்ற குவில்ட்டுகளைப் பாருங்கள். ஒட்டுவேலையும் அப்ளிக்கும் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் இருக்கும், ஆனால் அவற்றைப் பிடித்து நிறுத்துவது இதே நேர்வரி ஓட்டுத் தையல்தான்.

கேள்வியாளர்: கீழக்கரை மகள்

டீச்சருக்கும் தொண்டி லாத்தாவுக்கும் பாம்பன் அண்ணனுக்கும் மிக்க நன்றி. டீச்சரின் மறுமொழியை மகளை விட்டுப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அலமாரியில் ஒட்டிவிட்டேன். பச்சைக் கரை போட்ட பரமக்குடிச் சேலையை மூன்றாக மடித்து, நூலோட்டி, நேற்று இரண்டு வரிகள் தைத்தேன். அங்குலத்துக்கு நான்குதான் வருகிறது. உப்பவில்லை. தையலுக்கும் தையலுக்கும் இடையே துணி மெல்லச் சுருங்கி, தண்ணீர் வடிந்த பிறகு மணலில் தெரியும் வரிகளைப்போல நிற்கிறது. இது சரிதானா, அல்லது நூலை இறுக்கமாக இழுக்கிறேனா?

இன்னும் மூன்று சந்தேகங்கள். பழைய குவில்ட்டில் உள்ள ரோஜா நிறத்தையும் துரு வளையத்தையும் போக்க வழி உண்டா? வெட்டியதில் மிஞ்சிய சதுரங்கள் முப்பது இருக்கின்றன, அவற்றை என்ன செய்யலாம்? தங்கை மகளுக்குப் பங்குனியில் பிரசவம். குழந்தைக்கு ஒன்று தைக்கலாமா?

மறுமொழி: தொண்டி மருமகள், தற்போது தார்வாடு

முப்பது சதுரங்களையும் கவந்தாகச் செய்துவிடுங்கள், தங்கை. இன்னொரு சேலையை மடித்து அடித்துணியாக வைத்து, ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டே போகலாம். துண்டு பத்தாத இடத்தில் சட்டைத் துணி, கைலித் துணி எதுவும் சேரும். அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்டு என்ற ஆற்று வளைவு ஊரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் தேய்ந்த வேலைக்கால்சட்டைத் துணியில் தைத்த குவில்ட்டுகளை 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டினார்கள். அவற்றில் வரிகள் நேராக இல்லை, சதுரங்கள் சதுரமாகவும் இல்லை. நான்கு மூலைக்கும் பூலா வைக்க மறந்துவிடாதீர்கள்.

மறுமொழி: தையல் டீச்சர், இராமநாதபுரம்

மணல் வரிபோல வந்தால் அதுதான் கந்தாவின் இலக்கணம். தைத்த துணியைக் குறுக்காக இழுத்தால் நூல் முறுகாமல் துணி சற்றே விரிந்து கொடுக்க வேண்டும். விரியாமல் நூல் கம்பிபோல விறைத்தால் மட்டும் இறுக்கம் என்று பொருள். ஒவ்வொரு முழ நூல் முடியும்போதும் வரியை விரலால் நீவிவிட்டு முடிச்சிடுங்கள். முடிச்சை வெளியே விட வேண்டாம்: நூல் முனையில் சிறிய முடிச்சுப் போட்டு, தையல் தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மேல் அடுக்கில் மட்டும் ஊசியை நுழைத்து, தொடங்கும் இடத்தில் வெளியே எடுத்து, ‘டுப்’ என்ற சத்தத்தோடு முடிச்சு உள்ளே போகும்படி இழுங்கள். முடிக்கும்போதும் அப்படியே. நைந்த இடத்தில் இழுக்காதீர்கள், துணி ஓட்டையாகும். அங்கே முடிச்சுக்குப் பதில் இரண்டு தையலைப் பின்னோக்கிப் போட்டு நிறுத்துங்கள்.

துரு வளையத்துக்கு எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் குழைத்துத் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள்; இரண்டு மூன்று முறை தேவைப்படும். நிறம் மங்காமல் இருக்கிறதா என்று மூலையில் முதலில் பாருங்கள். ஏறிய சிவப்பு ஒரு முறை காய்ந்துவிட்டதால் முழுவதும் போகும் என்று நம்பிக்கை தரமாட்டேன். பெரிய வாளி நிறைய வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து இரவு முழுவதும் ஊறப்போட்டு, தண்ணீர் சிவந்தால் மாற்றிக்கொண்டே இருங்கள், ஓரளவு வெளுக்கும். அதைப் போர்த்திக்கொள்ள முடியாது என்று எழுதியிருந்தீர்கள். கட்டில்மேல் விரிப்பாகப் போட்டுவிடுங்கள், உப்பிய நடுவில் இன்னும் நான்கு வரி நெருக்கமாகத் தைத்தால் மேடு அடங்கும்.

குழந்தைக்குத் தைக்கலாம், ஆனால் ஒரு வயது வரை தூங்கும் குழந்தையின்மேல் குவில்ட்டைப் போர்த்தவும் கூடாது, தூங்குமிடத்தில் தளர்வாகப் போட்டு வைக்கவும் கூடாது. முகத்தை மூடினால் அதால் விலக்க முடியாது. விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் கிடத்தவும், குப்புற விழுந்து நீந்தவும் மூன்றடிச் சதுரம் ஒன்று தையுங்கள். பொத்தான், மணி, கண்ணாடி எதுவும் வேண்டாம். அதற்குப் பூலாகூட வேண்டாம், வாயில் வைத்து இழுக்கும்.

ஊசிகளைத் தகர டப்பாவில் வைக்காதீர்கள். சீப்பில் சேரும் தலைமுடியை ஒரு சிறு துணிப்பையில் அடைத்துத் தைத்து, அதில் குத்தி வையுங்கள். முடியில் இருக்கும் எண்ணெய்ப் பசை துருவைத் தள்ளிப்போடும்.

மறுமொழி: பாம்பன் பாய்மரம்

இலவம் பஞ்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், டீச்சர். தாத்தாவின் பாய் ஊசி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அவரும் அதை முடி அடைத்த பையில்தான் குத்தி வைத்திருந்தார். எதற்கென்று இப்போதுதான் தெரிந்தது.